மூன்று மூட்டைத் துணியும் ஒரு பூனையின் இடுப்பெலும்பும்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. எங்கள் பூனை சீனிக்கு இரண்டு வயது, மூன்றரைக் கிலோ. போன ஞாயிற்றுக்கிழமை மோட்டார் மோதி இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. வலப்பக்க விலாவில் தோலும் கிழிந்திருக்கிறது. எக்ஸ்ரே, ஊசி என்று 380 ரிங்கிட் கட்டிவிட்டோம். இன்னும் 900 ஆகும் என்கிறார்கள். ஆறு வாரம் கூண்டில் வைக்க வேண்டுமாம். என் இரண்டு பிள்ளைகளும் நாத்தனார் பிள்ளையும் போட்ட குழந்தைத் துணி மூன்று மூட்டை கிடக்கிறது. இணையத்தில் விற்றுப் பணம் கட்டலாம் என்று நினைக்கிறேன். எப்படி விற்பது, என்ன விலை சொல்வது, பூனைக்காக என்று எழுதலாமா? மகளின் முதல் பிறந்தநாள் பட்டுப் பாவாடையையும் கொடுத்துவிடலாமா? இன்னொன்று: மாமியார் காயத்தில் மஞ்சள் வைக்கிறார், வலிக்குப் பாதி பனாடோல் கொடுக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, கடைசியில் கேட்டதற்குத்தான் முதலில் பதில். பனாடோல் (பாராசிட்டமால்) கூடவே கூடாது. மனிதர்களின் ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக வேலை செய்யாது. முறியாத மருந்து ரத்தத்தைக் கெடுத்து, அது உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் ஆக்கிவிடும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும்; மூன்றரைக் கிலோ பூனைக்குப் பாதி மாத்திரையே நஞ்சு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதை மேலே படிக்காமல் கிளினிக்குக்குக் கிளம்புங்கள். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறுவது, முகமும் பாதமும் வீங்குவது, எச்சில் வடிவது, மூச்சு வாங்குவது ஆகியவை அடையாளங்கள். ஆனால் அடையாளம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். மாற்று மருந்து உண்டு, அது சில மணி நேரத்துக்குள் போனால்தான் பலிக்கும். புருஃபென், ஆஸ்பிரின், பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த வலி மருந்து எதுவும் வேண்டாம். வலி தெரிந்தால் கிளினிக்கில் பூனைக்கென்று எழுதி வாங்குங்கள்.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். நம் கை வெட்டுக்கு மஞ்சள் வைத்துப் பழகியவர் அவர். ஆனால் பூனைக்கு அது ஒத்துவராது. பொடி காயத்தில் கட்டிதட்டி நிற்கும், சீழ் பிடித்ததா இல்லையா என்று நிறம் பார்த்துச் சொல்ல முடியாது, பூனை அதை நக்கி உள்ளே தள்ளும். டெட்டாலும் பைன் மர வாசனைக் கிருமிநாசினிகளும் பூனைக்கு ஆகாது, தேயிலை மர எண்ணெயும் அப்படியே. அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். அதில் துணியை நனைத்துக் காயத்தின் ஓரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கரையுங்கள். நம் வெக்கையில் திறந்த காயத்தில் ஈ உட்கார்ந்தால் 24 மணி நேரத்துக்குள் முட்டை பொரிந்து புழு வைத்துவிடும். ஆகவே கூண்டுக்குக் கொசுவலை போர்த்துங்கள், காலையும் மாலையும் டார்ச் அடித்துக் காயத்தைப் பாருங்கள்.

இப்போது பணம். துணி விற்ற பணம் மெல்லத்தான் வரும், பூனைக்கு வேண்டிய பணமோ இந்த வாரமே வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் முதலில் அடிபடுவது பூனைதான்: "இன்னும் நாலு உடுப்பு விற்கட்டும், பிறகு தையல் போடுவோம்" என்று நாள் தள்ளும், தோல் காய்ந்து ஓரம் இறுகும், பிறகு அதே தையலுக்கு இரண்டு மடங்கு வேலை. அதனால் 900-ஐ உடைத்துக் கேளுங்கள். கிளினிக்கில் மதிப்பீட்டை வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: மயக்க மருந்து, காயம் சுத்தம் செய்து தைப்பது, மருந்துகள், தையல் பிரிப்பது, நான்காவது அல்லது ஆறாவது வாரத்தில் இரண்டாம் எக்ஸ்ரே. முதல் இரண்டும் இன்றைய செலவு. மீதி அடுத்த ஆறு வாரத்தில் பரவிக் கிடக்கும் செலவு. துணி விற்பனை இந்த இரண்டாம் பகுதிக்குத்தான் சரியான துணை.

இன்றைய செலவுக்குக் கிளினிக்கிலேயே தவணை கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பணமாக எவ்வளவு, மாதம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் அந்த மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்கும் ஒரு போன் போடுங்கள். எந்த நாளில் மருத்துவர் இருப்பார், தையலும் கட்டும் அங்கேயே செய்வார்களா, ஈப்போவுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். அரசுக் கட்டணம் பொதுவாகத் தனியாரைவிடக் குறைவு. எக்ஸ்ரே படத்தைக் கைப்பேசியில் வாங்கிவைத்திருந்தால் மறுபடியும் எடுக்கும் செலவு மிச்சம்.

துணி எவ்வளவு தரும்? மூட்டைக்கு 30 உருப்படி என்று வைத்தால் 90. கண்டிப்பாகப் பிரித்தால் 50 தேறும். அதில் 40-ஐ ஐந்தைந்தாகக் கட்டி எட்டுக் கட்டு, கட்டு 22 ரிங்கிட் என்றால் 176. நல்ல பத்தைத் தனித்தனியாக 12-க்கு விற்றால் 120. மொத்தம் 296, பை, டேப் செலவு போகக் கையில் 280. இதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. 900-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மருந்துக்கும் தையல் பிரிப்புக்கும் நல்ல பூனைத் தீனிக்கும் அது கைகொடுக்கும். இதற்கு மேல் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) புதுசே மலிவாகத் தொங்கும்போது பழசுக்கு யாரும் அள்ளிக் கொடுக்க மாட்டார்கள்.

பிரிப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். இடுப்பு எலாஸ்டிக்கைக் காதருகே வைத்து இழுங்கள். மொறுமொறு என்று சத்தம் கேட்டால் ரப்பர் செத்துவிட்டது, ஒதுக்குங்கள். ஒவ்வொரு பட்டனையும் விரலால் திருகிப் பாருங்கள். ஆடும் பட்டன் குழந்தையின் வாய்க்குள் போகும், தைத்துவிட்டுத்தான் விற்கவேண்டும். கழுத்திலும் தொப்பியிலும் இழுக்கும் நாடா இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள். கரும்புள்ளி பூஞ்சை விழுந்த துணி எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. அதைக் குப்பையில் போடுங்கள். ஒதுக்கிய மற்றத் துணிகளைச் சீனியின் கூண்டுக்குப் பழந்துணியாக வையுங்கள், அங்கே அவற்றுக்கு நல்ல வேலை இருக்கிறது.

மூட்டைக்குள் பாச்சை உருண்டை போட்டிருந்தீர்களா? இதை அவசியம் யோசித்துச் சொல்லுங்கள். நாப்தலீன் வாசனை ஏறிய துணி ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு எளிதில் உடையும் பிறவிக் குறை) உள்ள குழந்தைக்கு ஆபத்து. ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை ஏறும். நம் நாட்டில் பிள்ளை பிறந்ததும் இந்தச் சோதனை செய்கிறார்களே, அது இதற்குத்தான். துவைத்து நாலைந்து நாள் வெயிலில் காயப்போட்டும் வாசனை போகாவிட்டால் அந்தத் துணியை விற்காதீர்கள், இலவசமாகவும் கொடுக்காதீர்கள். அதே உருண்டை பூனைக்கும் நஞ்சு, எனவே கூண்டுக்கும் அந்தத் துணி போகக்கூடாது. தரை துடைக்கவும் வேண்டாம், குப்பையில் போடுங்கள்.

கறைக்குக் கறை வைத்தியம் வேறு. பால், கக்கல் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர், அரை மணி ஊறல். வெந்நீர் ஊற்றினால் புரதம் வெந்து நூலில் ஒட்டிக்கொள்ளும். பழைய மஞ்சள் நிறக் கறைக்கு வானிஷ் போன்ற ஆக்ஸிஜன் பொடியை வெதுவெதுப்பான நீரில், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கரைத்து ஊறவையுங்கள். க்ளோராக்ஸ் போன்ற குளோரின் வெளுப்பான் வேண்டாம்; அது கறையை இன்னும் மஞ்சளாக்கி எலாஸ்டிக்கையும் தின்றுவிடும். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பல்துலக்கியால் தேய்ப்பு. குளித்தபின் பூசிய மஞ்சளின் கறை இருந்தால், சோப்புப் பட்டதும் அது சிவப்பாக மாறும், பலரும் பதறி மேலும் சோப்புப் போடுவார்கள். பதறவேண்டாம், அலசிவிட்டு ஈரத்தோடு உச்சி வெயிலில் விரித்துவையுங்கள். மஞ்சளுக்கு வெயில்தான் எதிரி; இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும்.

பூனையும் துணியும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. முடி மட்டும் காரணமில்லை. பூனைகளிடம் வெளியே தெரியாமல் படர்தாமரைப் பூஞ்சை இருக்கலாம். அதன் வித்துகள் துணியில் ஒரு வருடத்துக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும், பச்சைக் குழந்தையின் தோலில் எளிதாகப் பிடிக்கும். துவைத்து உலர்ந்த துணியை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சீனி போகாத அறையில் வையுங்கள். விற்கும் துணியை இரண்டு முறை துவையுங்கள். காயத்தைத் தொட்ட சட்டையோடு பார்சல் கட்டாதீர்கள். விளம்பரத்தில் "வீட்டில் பூனை உண்டு" என்று போடவேண்டும். ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் அதைப் பார்த்து விலகிப்போகட்டும், அது உங்களுக்கும் நல்லது.

அளவு எழுதும்போது "மூணு மாசம்" என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் திருப்பிக் கேட்பார்கள், சிலர் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு கம்பெனியின் மூன்று மாதமும் வேறு. துணியைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அகலமும் தோளிலிருந்து கால் இடுக்குவரை நீளமும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். உள்பட்டையில் 60, 70, 80 என்று இருந்தால் அது குழந்தையின் உயரம், மாதம் அல்ல. படம் காலை எட்டிலிருந்து பத்துக்குள், ஜன்னலோரம், வெள்ளைப் போர்வைமேல். முன்பக்கம், பின்பக்கம், உள்பட்டை, குறை இருக்கும் இடம் என நான்கு படம். கறையை மறைத்து எடுத்த படம் ஒரு விற்பனையைத் தரும், அதே தாய்மார்கள் குழுவில் பத்து விற்பனையைக் கெடுக்கும்.

ஒரே வயதுத் துணிகளை ஐந்தாகக் கட்டுங்கள்: மூன்று ரோம்பர் (மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த குழந்தை உடுப்பு), ஒரு கால்சட்டை, ஒரு சட்டை. நல்லது ஒன்றும் சுமாரானது நாலும் கட்டி ஏமாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் முகநூல் சந்தை, தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழு, பள்ளித் தாய்மார்கள் குழு என்று பக்கத்திலேயே விற்றுப் பாருங்கள். பணம் அன்றே கைக்கு வரும். தபால் நிலைய வாசலிலோ கோயில் வாசலிலோ கைமாற்றலாம். இணையக் கடையான ஷோப்பி பெரிய சந்தைதான், ஆனால் தரகு பிடிப்பார்கள், வாங்கியவர் பொருள் கிடைத்தது என்று சொன்ன பிறகோ அதற்கான கெடு முடிந்த பிறகோதான் பணத்தை விடுவிப்பார்கள். மருந்துக் கணக்கு காத்திருக்கும் உங்களுக்கு அந்தத் தாமதம் ஒத்துவராது. மீதியை அங்கே பிறகு போடுங்கள்.

கூரியர் செலவை வாங்குபவர் தலையில் வைப்பது வழக்கம்தான், ஆனால் ஊகித்துச் சொல்லாதீர்கள். கட்டைப் பையோடு சமையல் தராசில் நிறுத்துவிட்டு, பிறகு கட்டணம் கேட்டுச் சொல்லுங்கள். ஒரு கிலோவைத் தாண்டும் பத்துக் கிராமுக்கு அடுத்த விலைப் படி விழும்; ஒரு தொப்பியை எடுத்துவிட்டால் போதும். சபா, சரவாக் என்றால் முன்கூட்டியே விலை வேறு என்று சொல்லிவிடுங்கள்.

"பணம் போட்டுவிட்டேன்" என்று வரும் ரசீதுப் படத்தை நம்பாதீர்கள், அதைக் கைப்பேசியிலேயே தயாரிக்கலாம். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பணம் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்தபிறகு பார்சல் கட்டுங்கள். பணம் பெறுவதற்கு நீங்கள் எந்த இணைப்பையும் திறக்கவேண்டியதில்லை, டாக் எண் (வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு) சொல்லவேண்டியதில்லை, எந்தக் கோப்பையும் நிறுவவேண்டியதில்லை, கேட்பவன் திருடன். பணம் வாங்க டூயிட்நவ் க்யூஆர் குறியீடு ஒன்று அச்சிட்டு வைத்தால் போதும். பணம் பறிபோனது தெரிந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

பூனைக்காக என்று எழுதலாம், ஒரே வரியில் எழுதுங்கள்: "விபத்தில் அடிபட்ட எங்கள் பூனையின் மருத்துவச் செலவுக்கு." கிளினிக் ரசீதின் படத்தில் பெயர், முகவரி, எண்களை மறைத்து ஒன்று போடலாம். காயத்தின் படம் வேண்டாம். குழந்தைத் துணி வாங்க வந்தவள் ரத்தத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவாள். கூண்டுக்குள் படுத்திருக்கும் சீனியின் முகம் போதும். பரிதாபத்தைக் காட்டி விலையை ஏற்றாதீர்கள். தேவையானது சேர்ந்துவிட்டால் விளம்பரத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். துணி வேண்டாம், இந்தாங்கள் பத்து வெள்ளி (ரிங்கிட்) என்று சிலர் தருவார்கள். அவர்களைச் சீனியின் கோப்பு எண்ணைச் சொல்லி நேரே கிளினிக்கில் கட்டச் சொல்லுங்கள். உங்கள் மேல் ஒரு பேச்சு வராது. வீடுவீடாகவோ தெருவிலோ உண்டியல் நீட்டுவது வேறு விஷயம், அதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வீட்டுப் பழந்துணியை ஒருமுறை விற்பது வியாபாரம் ஆகாது. இதுவே ருசித்துப்போய் மற்றவர்களிடம் வாங்கி விற்க ஆரம்பித்தால் 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்-இல் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தில்) பதியவேண்டும்: சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60.

விற்பனைக் குவியலிலிருந்து ஒரு துணியை மட்டும் சீனிக்கு எடுத்துவையுங்கள். மூன்றிலிருந்து ஆறு மாத அளவு, பருத்தி, முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பட்டன் திறக்கும் ரோம்பர். காயம் விலாவில் என்பதால் இது நக்குவதைத் தடுக்கும் சட்டையாகும். தலைவழியே மாட்டும் வகை வேண்டாம்: இடுப்பு உடைந்த பூனையைத் தூக்கி வளைக்க நேரும். ரோம்பரை முழுக்கத் திறந்து தரையில் விரித்து, பூனையை அதன்மேல் மெல்லக் கிடத்துங்கள். முன்கால்களைக் கைப்பகுதியில் நுழைத்துப் பட்டன்களை முதுகுப் பக்கம் போடுங்கள். வால் வரும் இடத்தில் மூன்று சென்டிமீட்டர் வட்டம் வெட்டி ஓரம் தையுங்கள். கால் இடுக்குப் பட்டன்களைப் போடாமல் விடுங்கள், இல்லாவிட்டால் மூத்திரம் துணியில் ஊறித் தோல் வேகும். கழுத்தில் இரண்டு விரல் நுழைய இடம் இருக்கவேண்டும். காயத்தில் குழாய் வைத்திருந்தால் கிளினிக்கில் கேட்காமல் போடாதீர்கள்.

கூண்டு இரண்டுக்கு மூன்று அடி போதும். ஏறிக் குதிக்க இடம் இருந்தால்தான் கெடுதல். மணல் தொட்டியாகக் கேக் சுடும் தாழ்வான தட்டு, உள்ளே கிழித்த செய்தித்தாள், ஏனென்றால் மணல் துகள் காயத்தில் ஒட்டும். தானே புரண்டு படுக்காவிட்டால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். ஒரு நோட்டில் தினமும் நாலு விஷயம்: சாப்பிட்டதா, மூத்திரம், மலம், தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. தூக்கத்தில் 40-ஐத் தாண்டினால் அன்றே கிளினிக். 24 மணி நேரம் மூத்திரம் இல்லையென்றாலும் அப்படியே. விபத்தில் மூத்திரப்பையும் அடிபட்டிருக்கலாம். இடுப்பெலும்பு நகர்ந்தால் மலம் போகும் பாதை குறுகும், மூன்று நாள் மலமில்லாவிட்டால் காட்டவேண்டும். இரண்டு நாள் வாயே திறக்காவிட்டாலும் காத்திருக்காதீர்கள், பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். வெங்காயம், பூண்டு இல்லாமல் வெந்த கோழி கொடுக்கலாம். பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வந்தால் கூண்டும் காயமும் சேர்ந்து நாறும்.

பட்டுப் பாவாடையை இப்போது விற்காதீர்கள். அவசரத்தில் போட்டால் இருபது வெள்ளிக்குக் கேட்பார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு போட்டால் அதே துணிக்கு நல்ல விலை வரும். அதற்குள் உங்களுக்கும் விற்கத்தான் வேண்டுமா என்று தெரிந்துவிடும். அதுவரை பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மடிப்பை மாதம் ஒருமுறை மாற்றி வையுங்கள். ஆக்ஸிஜன் பொடியில் ஊறப்போடவேண்டாம், பட்டுக்கு ஆகாது, ஜரிகையும் கறுத்துவிடும்.